நடுக்களத்தில் ஒரு சிறுமி

திருவிவிலியத்தின் பின்பக்கங்களில் பவுலடியாரின் பயண வரைபடம் ஒன்று உண்டு. வள்ளூரில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுத்த காலமெல்லாம் அதைப் பிள்ளைகளுக்கு விரித்துக் காட்டியிருக்கிறேன். பர்னபாவின் சொந்தத் தீவான சைப்பிரசு, கடிதங்களால் நமக்கு அறிமுகமான தெசலோனிக்கா என்று விரலால் தொட்டுக் காட்டுவேன். அந்த ஊர்களில் நம் நாட்டுப் பெண்ணொருத்தி பந்து விளையாடிப் பிழைப்பாள் என்று அந்நாளில் எவரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சிரிப்பதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. 1996ஆம் ஆண்டு, என் வகுப்பில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய புதிது. ஆலயத்துக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் பையன்களோடு அவளும் கால்பந்து ஆடுவாள். பந்து வருமுன்பே தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வாள். வந்ததும் ஒரே தட்டில் உரியவனிடம் சேர்த்துவிடுவாள். கோல் அடித்தவனைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். பந்தை அவனுக்குக் கொடுத்தவளை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நடு ஆட்டக்காரர்களின் தலையெழுத்தே அதுதான் என்று பிற்பாடு அறிந்தேன். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே ஓடி ஓடி, ஓர் ஆட்டத்தில் பத்து கிலோமீட்டர் வரை கால் தேய்ப்பவர்கள் அவர்கள்.

மாவட்டப் பயிற்சி முகாமுக்கு அவளை அழைத்தார்கள். துறைமுகத்தில் கூலி வேலை பார்த்த அவள் தந்தை என்னிடம் யோசனை கேட்க வந்தார். "பெண் பிள்ளை, அரைக்கால் சட்டை, வெளியூர் வாசம். நாளைக்கு ஒரு நல்ல இடம் அமைய வேண்டாமா?" என்றேன். அறிவுரை சொல்லிவிட்ட மனநிறைவோடு அன்றிரவு நன்றாக உறங்கியும் விட்டேன். அதன்பின் அவள் திடலுக்கு வரவில்லை.

காலம் எனக்கு மெதுவாகவே பாடம் நடத்தியது. 2020 சனவரியில் மணிப்பூரின் பாலா தேவி ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகத்தில் ஒப்பந்தமானார் என்று செய்தித்தாளில் படித்தேன். அவர் முன்வரிசைக்காரர். பஞ்சாபின் முக்கோவால் கிராமத்து மனிஷா கல்யாண் நடுக்களத்திலும் ஓரத்திலும் ஆடுபவர். 2021 நவம்பரில் பிரேசிலின் மனாஸ் நகரில் இந்தியா 6-1 எனத் தோற்றபோது அந்த ஒரு கோலை அடித்தவர் அவரே. பிரேசிலுக்காக ஏழு உலகக் கோப்பைகளில் ஆடிய நடு ஆட்டக்காரி ஃபோர்மிகாவுக்கு அது பிரியாவிடை ஆட்டம். அவர்கள் மொழியில் ஃபோர்மிகா என்றால் எறும்பாம். எவ்வளவு பொருத்தமான பெயர்!

மறு ஆண்டு மனிஷா சைப்பிரசு நாட்டின் அப்போலோன் கழகத்தில் சேர்ந்தார். 2022 ஆகஸ்ட் 18 அன்று ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் களமிறங்கிய முதல் இந்தியர் ஆனார். அதே வாரத்தில் உலகக் கால்பந்து அமைப்பு நம் நாட்டுச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்திருந்தது. அவருடைய பழைய கழகமான கோகுலம் கேரளத்தின் பெண்கள் போட்டிக்கென்று தாஷ்கண்ட் வரை போயும் ஆட முடியாமல் திரும்பினார்கள். பெரியவர்களின் நாற்காலிச் சண்டைக்குப் பிள்ளைகள் விலை கொடுப்பது எல்லாத் திடல்களிலும் நடப்பதுதான் போலும். 2024இல் மனிஷா கிரேக்கத்தின் பாவோக் கழகத்துக்குப் போனார். அக்கழகத்தின் ஊர் தெசலோனிக்கா.

சென்ற மாதம் அந்தப் பழைய மாணவி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பக்கத்தில் அவளுடைய மகள். தாயின் அதே கண்கள். வெளியூர் விளையாட்டு விடுதி ஒன்றில் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். கணவருக்கு மனமில்லை.

"நீங்க சொன்னா கேப்பாரு சார். எங்கப்பா கேட்டாரே, அந்த மாதிரி" என்றாள். அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

ஞாயிறு திருப்பலி முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். வல்லூர் என்று சிலர் எழுதும் எங்கள் ஊரின் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையத்தில் அந்த மனிதர் ஒப்பந்தத் தொழிலாளி. "கால் முறிஞ்சா யார் சார் பாக்குறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசனைப் பற்றிச் சொன்னேன். இந்திய அணியின் நடு ஆட்டக்காரியாகிய அவர் தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கின்போது சென்னையில் தெருவில் நின்று பணி செய்தவர். 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என வென்று தமிழகம் முதன்முறையாகத் தேசிய மகளிர் பட்டம் பெற்றதையும் சொன்னேன். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி அமையும் என்று மட்டும் சொல்லவில்லை. முன்பொருமுறை தெரியாததைத் தெரிந்தவன்போல் பேசியது போதும். பின்பு, 1996இல் அவர் மாமனாரிடம் நான் கூறியதையும் அது தவறென்பதையும் அவர் மனைவியின் முன்னிலையிலேயே சொன்னேன். அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. "ஒரு வருஷம் பாக்கலாம்" என்றார் கடைசியில்.

புறப்படும்போது சிறுமி என் கையிலிருந்த திருவிவிலியத்தை வாங்கிப் பின்பக்கங்களைப் புரட்டினாள். அவள் கேட்குமுன்பே நான் சைப்பிரசைத் தொட்டுக் காட்டினேன். தெசலோனிக்காவை அவளே தேடிக் கண்டுபிடித்தாள்.