குடமும் குதிரையும்

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் செல்லும் சாலையில் உள்ளது நமணசமுத்திரம். அதனை அடுத்த இளங்குடிப்பட்டியில் ஐயனார் கோயில் கொண்டுள்ளார். சந்நிதிக்குச் செல்லும் வழியின் இருமருங்கிலும் சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. காது உடைந்தவையும் கால் இழந்தவையும் அவற்றுள் பல. நேர்ந்துகொண்டவர்கள் செலுத்திய காணிக்கைகள் இவை.

அண்மையில் அங்கே நின்றபோது, பணிக்காலத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. வங்கிக் கிளை ஒன்றில் கடன் பிரிவைக் கவனித்து வந்தேன். வேளார் மரபைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கடன் கேட்டு வந்தார். படிவத்தில் 'மண்பாண்டத் தொழில்' என்று எழுதினேன்.

"சாமி குதிரையும் செய்வேனுங்க. அதையும் எழுதுங்க ஐயா" என்றார்.

"பானையா, சிலையா? ஒன்றைச் சொல்லுங்கள் பெரியவரே."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே!"

படிவத்தில் அதற்கு இடமில்லை. பானைக்குரிய சிறு தொகையே அவருக்குக் கிடைத்தது. ஒரு சொல்லும் பேசாமல் கையெழுத்திட்டுச் சென்றார்.

அவர் கூறியது உண்மை என்பதைப் பின்னரே அறிந்தேன். ஊரார் பிடிமண் கொடுத்த பிறகே குதிரை வேலை தொடங்கும். மண்ணோடு மணலும் உமியும் சேர்த்துப் பிசைவர். கால்கள் உள்ளீடற்ற குழாய்கள்; உடல் பெரியதொரு தாழி. பானையைத் தட்டித் திரட்டும் பலகையே குதிரையையும் திரட்டுகிறது. சூளையில் வெடிக்காதிருக்கத் துளை விடுவார்கள். வைக்கோலும் வறட்டியும் மூட்டும் நெருப்பில் குடமும் குதிரையும் ஒன்றுபோலவே வேகின்றன.

புரவி எடுப்பு நாளில் கண் திறந்ததும் குதிரை ஐயனாரின் வாகனமாகிறது. ஊரே தோளில் சுமந்து வருகிறது. குடம் மட்டும் தாழ்ந்ததா? நூல் சுற்றி, நீர் நிறைத்து, மாவிலை வைத்தால் அதுவே கலசம். அதில் தெய்வத்தையே எழுந்தருளச் செய்கிறோம். அம்மன் கோயில் திருவிழாவில் கரகமாக எடுத்தால் அதுவே அம்மன். பாண்டம் எங்கே முடிகிறது, திருவுருவம் எங்கே தொடங்குகிறது? மண்ணில் அந்தக் கோடு இல்லை. படிவத்தில் அதனை இட்டவன் நான்.

பெரியவர் இன்று இல்லை. உடைந்த குதிரை ஒன்றின் கழுத்தினுள் பார்த்தேன். அகலமாய் இழுத்த விரல் தடங்கள் அப்படியே பதிந்திருந்தன. எவருடைய விரல்களோ! கைகூப்பினேன்.

இளங்குடிப்பட்டி செல்லும் அன்பர்கள் ஐயனாரை வணங்கிய பின், அக்குதிரைகளை வனைந்த கைகளையும் ஒருகணம் நினைந்து வணங்குவார்களாக.