தறி நகர்வதில்லை

காஞ்சிபுரத்தில் பட்டுப்பூச்சி வளர்ப்பதில்லை என்று சொன்னால் வெளியூர் நண்பர்கள் வியப்பார்கள். பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது; ஜரிகைக்குச் சூரத். முகூர்த்தப் புடவை வாங்குவோரும் தொலைவிலிருந்தே வருகிறார்கள். எல்லாம் நகர, தறி மட்டும் நகராமல் நிற்கும் ஊர் இது. அதனாலோ என்னவோ, தொழில் என்பது ஓரிடத்தில் வேர்விட்டு நிற்பது என்றே நாங்கள் எண்ணிப் பழகிவிட்டோம்.

இந்த எண்ணத்தை எனக்குள் குலைத்தது மைக்ரா என்ற சிறு கார். ஐரோப்பியருக்காகப் பிரிட்டனின் சண்டர்லாந்தில் செய்யப்பட்டுவந்த இதனை, நிசான் நிறுவனம் 2010இல் எங்கள் மாவட்டத்து ஒரகடத்துக்குக் கொண்டுவந்தது. தறியைவிட்ட வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு அந்தப் பக்கத்து ஆலைகள்தாம் சோறு போட்டன. கார்கள் எண்ணூரில் கப்பலேறி, செங்கடலும் சூயஸும் கடந்து ஐரோப்பா சென்றன. அடுத்த தலைமுறை மைக்ராவோ 2016இன் இறுதியில் பாரிசுக்கு அருகிலுள்ள ரெனோ ஆலையில் உருவாகத் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயும் ஐரோப்பாவுக்கான ஐ20 உற்பத்தியில் ஒரு பகுதியை 2010இலேயே துருக்கிக்கு மாற்றியிருந்தது. துருக்கிக்கு ஐரோப்பிய ஒன்றியத்துடன் சுங்க உடன்பாடு உண்டு; சந்தையும் பக்கம்.

கார் ஏற்றும் கப்பல் ஒரு விசித்திரப் பிறவி. பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் மிதப்பதுபோல் இருக்கும். கார்கள் தாமே ஓடி உள்ளே ஏறும். வேறு சரக்குக்கு அவ்வளவாக உதவாது; திரும்பும்போது பெரும்பாலும் காலியாகவே வரும். கிழக்காசியாவிலிருந்து ஐரோப்பா போகும் கப்பல் வழியில் நம் துறைமுகத்தில் நின்று செல்ல வேண்டுமானால், அந்த நாள் செலவுக்கு ஈடான சுமை கிடைக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் கார்கள் குறைந்தால் அந்த நிறுத்தமே அரிதாகிவிடும். பிறகு நூறு கார் வைத்திருக்கும் மற்றொருவரும் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஒருவர் விலகினால் மற்றவருக்கும் கடல் நீண்டுவிடுகிறது. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

உற்பத்தி வாங்குவோர் பக்கம் போனால் கப்பலுக்கே வேலை இராது என்பாரும் உண்டு. அது பாதிதான் சரி. முழுக் கார் போகாத இடத்துக்கு உதிரிபாகங்கள் கன்டெய்னரில் போகலாம். ஆனால் அது வேறு கப்பல், வேறு துறைமுக மேடை. கார்களை ஓட்டி ஏற்றும் ஓட்டுநருக்கு அங்கே வேலையில்லை.

எங்கள் உறவினர் ஒருவர் நெசவை விட்டு டிரெய்லர் ஓட்டப் போனவர். ஐரோப்பாவுக்கான சுமை குறைந்தபின் ஆப்பிரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் போகும் கார்களை ஏற்றிச் செல்வதாகச் சொன்னார். "அங்கேயும் ஆலை கட்டிட்டா?" என்று கேட்டேன். வீட்டில் மடித்துச் சாத்தியிருந்த தறியின் பக்கம் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.