ரெட்டிச்சில் பிறந்து ஒரகடம் வந்த ஊர்தி

பழம்பெரும் ஊர்திகள் என்றவுடன் நம்மவர் நினைவு நீலகிரி மலை இரயிலுக்கு ஓடிவிடுகிறது. அது நியாயமே. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் உருவான அதன் நீராவி எஞ்சின்கள் முதுமையுற்றபோது, திருச்சி பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர் அதே அமைப்பில் புதியனவற்றைச் செய்து தந்தனர். 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அவ்விருப்புப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஸ்ரீபெரும்புதூரிலோ இரயில் நிலையமே இல்லை. ஆயினும், அயல்நாட்டில் பிறந்து தமிழர் கையால் மறுவாழ்வு பெற்ற ஊர்தியொன்று இவ்வூரை அடுத்த ஒரகடம், வல்லம் வடகால் ஆலைகளிலிருந்து புறப்பட்டுக்கொண்டிருக்கிறது. ராயல் என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிளைத்தான் குறிப்பிடுகிறோம்.

அதன் வரலாறு ஓர் ஊசியில் தொடங்குகிறது என்றால் மாணவச் செல்வங்கள் வியப்படையக்கூடும். இங்கிலாந்தின் ரெட்டிச், ஊசி செய்வோரின் ஊர். அங்கு ஜார்ஜ் டவுன்சென்டின் ஊசிப் பட்டறை காலப்போக்கில் மிதிவண்டித் தொழிலில் இறங்கிற்று. அதன் வழிவந்த நிறுவனம், என்ஃபீல்டு என்னும் இடத்திலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்து கொடுத்ததனால் அவ்விடத்தின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. 1901இல் அதன் முதல் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. துப்பாக்கியைப் போல் செய்யப்பட்டது என விளம்பரம் செய்த அந்நிறுவனம், 1930களின் தொடக்கத்தில் தன் வண்டியொன்றுக்குத் துப்பாக்கிக் குண்டின் பெயரையே சூட்டிற்று. இரண்டாம் உலகப் போரில் வான்குடையில் கட்டி விமானத்திலிருந்து இறக்கப்பட்ட 125 சி.சி. சிறு வண்டியும் அவர்கள் படைப்பே. அதற்கு அவர்கள் இட்ட செல்லப்பெயர் 'பறக்கும் தெள்ளுப்பூச்சி'!

1950களின் தொடக்கத்தில் நம் இராணுவத்திற்கென 800 புல்லட்டுகள் வேண்டப்பட்டன. அத்தேவையின் தொடர்ச்சியாக 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினர். சில ஆண்டுகளிலேயே அச்சு வார்ப்புக் கருவிகளும் வந்து சேர, பாகங்களையும் இங்கேயே செய்யலாயினர். 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970இல் பிரிட்டனில் அப்பெயருடைய மோட்டார் சைக்கிள் தொழிலே முடிவுற்றது. திருவொற்றியூரில் மட்டும் உலை அணையவில்லை. 1977இல் திருவொற்றியூர்ப் புல்லட் பிரிட்டனுக்கே ஏற்றுமதியானது. பேரன் வீட்டிலிருந்து பாட்டன் வீட்டிற்குச் சீர் சென்றதைப் போன்ற நிகழ்ச்சி அது.

இத்தகைய மறுவாழ்வு வேறு ஊர்திகளுக்கும் வாய்த்ததுண்டு. ஜெர்மனி கைவிட்ட வோக்ஸ்வேகன் பீட்டில் கார் மெக்சிகோவின் புவேப்லாவில் 2003 ஜூலை வரை உருவாயிற்று. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடராகி 2014 வரை வாழ்ந்தது. இரண்டும் நின்றுவிட்டன. புல்லட் நிற்கவில்லை. ஏன்?

1994இல் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது, 2013இல் ஒரகடத்தில் புதிய ஆலை திறந்தது எனத் தொழில் நோக்கில் பல காரணங்கள் கூறலாம். அவற்றை மறுக்கவில்லை. எனினும், வண்டியை விற்பது வேறு. ஐம்பதாண்டுகள் ஓடச் செய்வது வேறு. பின்னதைச் செய்தவர்கள் சாலையோரப் பட்டறைக்காரர்கள் என்பதே நம் கருத்து.

அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினை அறிந்தோர் இதனை ஒப்புவர். 346 சி.சி. கொள்ளளவு, 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் வீச்சு. வீச்சு நீளமாதலால் நிதானமாக, கனத்து ஒலிக்கும். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். வண்டியைக் கிளப்புவதோ தனிக்கலை. அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தவேண்டும். பின்னர் இடக்கைப் பக்கத்துச் சிறு நெம்புகோலைப் பிடித்து அழுத்தக் காற்றை வெளிவிட்டு, பிஸ்டனைச் சற்றே தாண்டச் செய்து, அதன்பின் ஒரே உதை. முறை தவறின் கால் வீங்கிவிடும்.

சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் நாம் அறிந்த பட்டறைப் பெரியவர் ஒருவர் உள்ளார். வண்டியைத் திறவாமலே, ஓசையைக் கேட்டு நோய் சொல்வார். “மூச்சு வாங்குது”, “உதறுது”, “மிஸ்ஸிங் அடிக்குது”, “டாப்பட் பேசுது” என்பன அவர் மொழி. சிலிண்டரைக் குடைந்து விரிப்பதைப் ‘போர் போடுதல்’ என்பார். ஆழ்துளைக் கிணற்றுக்கும் அதே சொல்தான். முழுவதையும் பிரிப்பது ‘எஞ்சின் இறக்குதல்’. நாம் கலைச்சொல் அகராதிகளில் ‘உட்கனற்பொறி’ என்று எழுதி வைத்துள்ளோம். அவரோ எஞ்சினுக்கு உயிருள்ளதாகவே பேசுகிறார். எது தமிழ் என்று வகுப்பறையில் வினவினால் ஒரு மணி நேரம் வாதாடலாம்.

அவ்வோசையைக் கேட்கும் செவிக்கு இனி வேலை குறைவு. 2008ஐ ஒட்டி எஞ்சின் மாறிற்று; கியர் இடக்காலுக்கு வந்தது. 2020இல் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபோது, எரிபொருள் செலுத்துவதை மின்னணுக் கருவி ஏற்றுக்கொண்டது. 2023இல் வந்த புல்லட்டில் கிக்கரே இல்லை. நோயைக் கணிப்பொறி சொல்கிறது. காற்றுக்கு நன்மை செய்யும் இம்மாற்றத்தை நாம் பழிக்கவில்லை. பெட்ரோல் டேங்கின் பொன்வரிகளை மட்டும் இன்றும் தூரிகை பிடித்துக் கையாலேயே தீட்டுகின்றனர்.

பெரியவரின் இளைய மகன் இவ்வட்டாரத்து ஆலையொன்றில் ஒப்பந்தப் பணியில் இருக்கிறார். “அண்ணே, தம்பி தொழில் கத்துக்கிட்டானா?” என்று வினவினோம். “அவன் ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல வண்டிக்கு ஒரே போல்ட்டு முடுக்குறான் சார். முழு வண்டியைப் பிரிச்சதில்லே” என்றார். குறை கூறும் தொனி அதில் இல்லை. மாதச் சம்பளம் வருகிறது. பட்டறையில் அது நிச்சயமில்லை.

ரெட்டிச் ஊசிக்காரர்கள் தம் தொழிலின்போது எச்சொற்களைப் பேசினர் என்பதை அறிய அவ்வூரில் அருங்காட்சியகம் உண்டு. நம் பட்டறைச் சொற்களுக்கு ஏடும் இல்லை. ஆகவே, மூன்றாமாண்டு மாணவர் இருவருடன் சனிக்கிழமை மாலைகளில் குறிப்பேடு கொண்டு அங்குச் செல்லத் தொடங்கியுள்ளோம். இதுவரை நாற்பத்தாறு சொற்கள் சேர்ந்துள்ளன. அடுத்த வாரம் 1980களின் வண்டியொன்று கியர்ப் பெட்டி பழுதாகி வருகிறதாம். பிரிக்கும்போது உடனிருக்கச் சொல்லியிருக்கிறார்.