பாம்புக்கு எலி வளர்த்த கதை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, எழுதினா நாலு பேர் திட்டுவாங்களேன்னு தள்ளிப் போட்டுட்டே வந்த பதிவு இது. திட்டணும்னு தோணினா முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க மக்கா. :-)

விஷயம் இதுதான். பகலெல்லாம் பொட்டி தட்டுற நான், ஒண்ணேகால் வருஷம் வீட்டு பேஸ்மென்ட்ல எலி வளர்த்தேன். செல்லப் பிராணியா இல்லீங்க. பாம்புக்குத் தீனியா.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். இங்கே ஓஹையோ மாநிலம் கொலம்பஸ்ல எம்.எஸ். படிச்சப்போ என்கூட ரூம்மேட்டா இருந்த அமெரிக்க நண்பன் ஒருத்தன் கார்ன் ஸ்நேக் வளர்த்தான். விஷமில்லாத பாம்பு, நாலடி நீளம், ஆரஞ்சு உடம்புல செங்கல் கலர்ல திட்டுத் திட்டா இருக்கும். பேரு கெவின். ஆமாங்க, பாம்புக்குப் பேரு கெவின்!

2022 ஆகஸ்ட்ல அவனுக்கு ஹவாய்ல வேலை கிடைச்சுது. ஹவாய்ல பாம்பு வளர்க்கறது குற்றம். 2 லட்சம் டாலர் வரைக்கும் அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். தீவுப் பறவைகளுக்குப் பாம்புன்னா என்னன்னே தெரியாது, ஒண்ணு தப்பிச்சாலும் மொத்தமும் காலின்னு அந்த பயம். "ஒரு மாசம் வெச்சுக்கோ, யாராவது கிடைச்சா குடுத்துடலாம்"னு சொல்லிட்டு கண்ணாடித் தொட்டியோட வந்து இறக்கிட்டுப் போயிட்டான். அந்த ஒரு மாசம் இன்னும் முடியலை. கார்ன் ஸ்நேக் நல்லா வளர்த்தா 15, 20 வருஷம் இருக்குமாம். அப்போ கெவினுக்கு வயசு ஆறு. அவ்வ்வ்...

பிரச்சினை எங்கே ஆரம்பிச்சுதுன்னா சாப்பாட்டுல. பத்து நாளைக்கு ஒரு சுண்டெலி போதும். கடையில உறைய வெச்ச எலி பாக்கெட்ல கிடைக்கும், வாங்கி வெந்நீர்ல இளக்கிக் குடுத்தா முடிஞ்சுது. ஆனா நண்பன் அதுவரைக்கும் உயிரோடதான் குடுத்துப் பழக்கியிருக்கான். உறைஞ்ச எலியை ரெண்டு தடவை வெச்சுப் பார்த்தேன். கெவின் அதை ஏதோ கிளையன்ட் அனுப்பின மெயில் மாதிரி பார்த்துட்டுத் திரும்பிப் படுத்துக்கிச்சு. ஆறு வாரம் பட்டினி.

உயிர் எலி விக்கிற கடை நாப்பது நிமிஷ டிரைவ். போனேன். ஒரு தொட்டியில அம்பது, அறுபது எலி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு. மூத்திர நாத்தம் கண்ணுல எரியுது. ஒண்ணுக்குக் காதுல பாதி இல்லை. வாங்கிட்டு வந்து குடுத்தேன். அது சும்மா சாகலை. கெவின் சரியாப் பிடிக்கறதுக்குள்ள கழுத்துப் பக்கம் கடிச்சு ரத்தம் வந்துடுச்சு.

அன்னிக்கு ராத்திரிதான் அந்த 'ஞானோதயம்'. எப்படியும் சாகப் போற எலி, சாகற வரைக்குமாவது ஒழுங்கா வாழட்டுமே. நாமளே வளர்த்தா என்ன?

2022 நவம்பர்ல ஒரு ஆண், மூணு பெண் வாங்கினேன். பேர் வெக்கக் கூடாதுன்னு கண்டிஷனா முடிவு பண்ணி நம்பர் குடுத்தேன். நம்ம புத்தி எங்கே போகும், எண்ணிக்கை பூஜ்ஜியத்துலதான் ஆரம்பிச்சுது. ஆண் எலி 0. பெண்கள் 1, 2, 3.

வீடு கட்டறது சுலபம்னு நினைச்சேன். ரெண்டடி நீளத்துல ஆழமான பிளாஸ்டிக் டப்பா, மூடியை வெட்டிக் கம்பி வலை. முதல்ல அரை இஞ்ச் வலை போட்டேன். வளர்ந்த எலிக்கு சரி, மூணு வாரக் குட்டிக்கு அது வாசல் கதவு. ஒரு பென்சில் நுழையற ஓட்டை இருந்தாப் போதும், குட்டி எலி வெளியே வந்துடும். கால் இஞ்ச் வலைக்கு மாறினேன். அடியில போடற மரச்சீவல்ல கூட விஷயம் இருக்கு. தேவதாரு வாசனை நமக்கு ஜம்முனு இருக்கும், அந்த எண்ணெய் எலிக்கு நுரையீரலையும் ஈரலையும் பதம் பார்க்கும். அதனால ஆஸ்பென் மரச்சீவல். பதினெட்டு சதவீதம் புரதம் இருக்கற கட்டித் தீனி, கூட கொஞ்சம் ஓட்ஸ். ஒளிஞ்சுக்க ஒரு அட்டைக் குழாய், கூடு கட்ட டிஷ்யூ பேப்பர். டிஷ்யூவைப் போட்ட அரை மணி நேரத்துல அதைத் துண்டு துண்டாக் கிழிச்சு கிண்ணம் மாதிரி ஒரு கூடு கட்டியிருந்துச்சுங்க. நான் வாங்கின டேபிளை நான் இன்னும் பூட்டி முடிக்கலை.

நாத்தத்துக்கு பயந்து வாரம் ரெண்டு தடவை டப்பாவை மொத்தமா கழுவினேன். நாத்தம் கூடத்தான் செஞ்சுது! அப்புறம்தான் புரிஞ்சுது, ஆண் எலிக்கு மூத்திரம்தான் விசிட்டிங் கார்டு. நான் அழிக்க அழிக்க அவர் புதுசு புதுசா எழுதறார். அதுல இருக்கற ஒரு புரதம்தான் பெண்ணை இழுக்குதுன்னு 2010ல இங்கிலாந்துல கண்டுபிடிச்சு அதுக்கு டார்சின்னு பேர் வெச்சாங்க. ஜேன் ஆஸ்டின் நாவல் ஹீரோ டார்சி பேரு! விஞ்ஞானிகளுக்கும் குசும்பு உண்டு. அதுக்கப்புறம் கழுவும்போது பழைய கூட்டுல ஒரு கைப்பிடி அப்படியே விட்டுடுவேன். நாத்தம் அடங்கிடுச்சு.

ஆண் வாசனை பட்ட மூணாவது ராத்திரி பக்கம் பெண்கள் எல்லாம் ஒண்ணாப் பருவத்துக்கு வரும். 1956ல விட்டன்ங்கறவர் எழுதி வெச்சது, என் பேஸ்மென்ட்லயும் மாறலை. இருபது நாள் கழிச்சு ரெண்டு நாள் இடைவெளியில மூணும் பிரசவம். ரோஸ் கலர்ல, முடியில்லாம, கண்ணு மூடி, சுண்டுவிரல் நுனி அளவு. தோல் வழியா வயித்துல பால் வெள்ளைக் கோடா தெரியும். எனக்குத் தாங்கலை. மணிக்கொரு தடவை மூடியைத் திறந்து பார்த்தேன், போட்டோ எடுத்தேன்.

மறுநாள் காலையில 2-ன் கூட்டுல ஒம்போது குட்டிக்கு நாலுதான் இருந்துச்சு. தாயே தின்னுடுச்சு. பயந்துபோன தாய் எலி முதல் ரெண்டு மூணு நாள்ல இப்படிப் பண்ணும்னு அப்புறம் படிச்சேன். பயமுறுத்தினது யாரு? ஐயாதான். மிச்சம் நாலையும் 3 தன்னோட கூட்டுக்கு வாயில கவ்விட்டுப் போய் தன் குட்டிகளோட சேர்த்துப் பால் குடுத்துச்சு. யாரோட குட்டின்னு பார்க்கவே இல்லை. நம்பர்தான் குடுத்திருந்தேன், ஆனா அன்னிலேர்ந்து 3 எனக்கு வெறும் நம்பரா இல்லை.

அடுத்து கணக்கு. ஒரு ஈத்துக்கு எட்டுன்னு வெச்சாலும் மூணு தாய்க்கு 24. குட்டி போட்ட இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள அடுத்ததுக்குத் தயார். ஆறு வாரத்துல குட்டிகளே பெத்தெடுக்க ரெடி. கெவினுக்கு மாசத்துக்கு மூணு. வெளியேறும் நிபந்தனையே இல்லாத லூப் எழுதினா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா? 0-வைத் தனி டப்பாவுக்கு மாத்தினேன். மூணு வாரத்துல குட்டிகளை ஆண், பெண் பிரிச்சேன். மிஞ்சினதை காயம்பட்ட ஆந்தைகளை வெச்சுப் பார்த்துக்கற ஒரு மீட்பு மையத்துல வாங்கிக்கறோம்னாங்க. ஆனா கொன்னு, உறைய வெச்சுக் குடுக்கணும்.

அதாவது, நான் கொல்லணும்.

அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தோட 2020 வழிகாட்டி, கார்பன் டை ஆக்சைடை மெதுவா விடணும்னு சொல்லுது. நிமிஷத்துக்கு டப்பா கொள்ளளவுல 30 முதல் 70 சதவீதம். அப்படி விட்டா முதல்ல மயக்கம், அப்புறம்தான் சாவு. எல்லாம் படிச்சேன். படிச்சுட்டு, முதல் தடவை சீக்கிரம் முடிஞ்சா போதும்னு வால்வை முழுசாத் திறந்துட்டேன். அது ஈரமான மூக்குல பட்டா அமிலம். அந்த எலி குதிச்சுது. மூஞ்சியை ரெண்டு கையாலயும் தேய்ச்சுது. எத்தனை செகண்டுன்னு எனக்குத் தெரியும், எழுத இஷ்டமில்லை. அவசரம் எலிக்காக இல்லை, எனக்காக. அதுதான் இன்னிக்கும் உறுத்துது.

அடுத்த வாரம் அளவு காட்டுற ரெகுலேட்டர் வாங்கினேன். அதுக்கப்புறம் எல்லாம் அமைதியாத்தான் போச்சு. படுக்கும், தூங்கும், நிக்கும். பிறந்த குட்டிகள் ஆக்சிஜன் இல்லாம ரொம்ப நேரம் தாங்கும், அதுகளுக்கு இந்த வழி கொடுமை. அதனால குட்டியை நான் தொடவே இல்லை. ஒவ்வொரு தடவையும் நின்னு பார்த்தேன். மேல போய் காபி போடக் கூடாதுன்னு எனக்கு நானே போட்டுக்கிட்ட ரூல்.

2023 ஜூன்ல அம்மா வந்தாங்க. தஞ்சாவூர் பக்கம் எங்க ஊரு. பேஸ்மென்ட்ல டப்பாவைப் பார்த்துட்டு ரெண்டு நிமிஷம் பேசலை.

"ஏன் தம்பி, உங்க தாத்தா வயல்ல கிட்டி வெக்க ஆள் வெச்சு, வாலை எண்ணிக் காசு குடுப்பாரு. நெல்லைத் திங்குதேன்னு அவரு ராத்திரில தூங்க மாட்டாரு. நீ இங்க எலிக்கு ஓட்ஸ் போட்டு வளக்குறியா?"

மூங்கில்லயும் பனை ஓலையிலயும் செய்யற அந்தத் தஞ்சாவூர்க் கிட்டியை சின்ன வயசுல பார்த்திருக்கேன். எலி தலையை விட்டா வில் மாதிரி சுண்டி கழுத்தை இறுக்கும். காலையில வரப்புல வரிசையாக் கிடக்கும். யாரும் அழுதது கிடையாது. அது சோத்துக்கான சண்டை.

ரெண்டே நாள்ல அம்மா 3-க்கு கேரட் நறுக்கிப் போட ஆரம்பிச்சாச்சு. "கொல்ற அன்னிக்கு சொல்லு, நான் வெளியில நடந்துட்டு வரேன்"னாங்க. சொன்னேன். போகலை. படியிலயே உக்காந்திருந்தாங்க.

"அதுக்கு வலிக்குமாடா?"

"மெதுவா விட்டா ரொம்ப இல்லைம்மா."

"நீ பக்கத்துலயே நிக்கணுமா?"

"நிக்கணும்மா."

கொஞ்ச நேரம் கழிச்சு, "ஞாயித்துக்கிழமை கோழிக்கடையில நீ அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்குவே. வெட்டி முடிச்சுக் கவர்ல போட்டப்புறம்தான் திரும்புவே"ன்னாங்க. எனக்கு அது ஞாபகமே இல்லை. ஆனா இன்னிக்கும் நான் கோழி வாங்கறது கவர்லதான்.

இந்த சமயத்துலதான் அபி லாத்ராப் பத்திப் படிச்சேன். மாசச்சூசெட்ஸ்ல கிரான்பின்னு ஒரு ஊர்ல, 1900 வாக்குல, பள்ளிக்கூட டீச்சரா இருந்து விலகினவங்க. செல்லப் பிராணியா விக்கறதுக்காக சுண்டெலி வளர்த்தாங்க, ஆயிரக்கணக்குல பெருகிச்சு. ஹார்வர்ட் ஆளுங்க ஆராய்ச்சிக்கு வாங்க ஆரம்பிச்சாங்க. அவங்க பண்ணையிலேர்ந்து போன 57ம் நம்பர் பெண் எலியோட வம்சம்தான், 1921ல லிட்டில்ங்கறவர் உருவாக்கின சி57 பிளாக் வகை. 2002ல முதல்ல வெளியான எலி ஜீனோம் அந்த வகையோடதுதான். எத்தனையோ மருந்து அதுங்க மேலதான் சோதிக்கப்படுது. அந்தத் தாய்க்குப் பேர் கிடையாது. 57, அவ்வளவுதான். லாத்ராப் அம்மா நோட்டுப் போட்டு எழுதி வெச்சாங்க, நான் எக்செல்ல எழுதி வெச்சேன். என் ஷீட்ல 131 வரி. கெவினுக்கு 41, ஆந்தைகளுக்கு 74, மிச்சம் 16 தானாச் செத்தது. அதுல அஞ்சு என் ஆர்வக்கோளாறு.

2024 ஜனவரியில கெவினுக்கு மறுபடி உறைஞ்ச எலியை முயற்சி பண்ணினேன். ஃப்ரிட்ஜ்ல இளக்கி, வெந்நீர்ல உடம்புச் சூட்டுக்குக் கொண்டு வந்து, ராத்திரி விளக்கை அணைச்சுட்டு கெவின் ஒளியற பொந்து வாசல்லயே வெச்சேன். நாலு தடவை தொடலை. அஞ்சாவது தடவை காலையில பார்த்தா, காணோம். கெவின் வயித்துல ஒரு மேடு.

சந்தோஷமா இருந்திருக்கணும் இல்லையா? நான் போய் அந்த ஷீட்டைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தேன். 2022லேயே ரெண்டோட நிறுத்தாம அஞ்சு தடவை முயற்சி பண்ணியிருந்தா இந்த 131 வரியும் இருந்திருக்காது.

பிப்ரவரியோட கடையை மூடினேன். இப்போ கெவினுக்குப் பாக்கெட் எலிதான். ஒண்ணு ரெண்டு டாலர் சொச்சம். அதையும் யாரோ எங்கேயோ வளர்த்து, யாரோ வால்வைத் திறக்கறாங்க. அவங்க மெதுவாத் திறக்கறாங்களான்னு பாக்கெட்ல போடலை. கோழிக்கடையில திரும்பி நின்ன பையன் மறுபடி திரும்பி நிக்கறான், வேற என்ன.

0, 1, 2 எல்லாம் அந்த வருஷமே வயசாகிப் போயிடுச்சு. 3 மட்டும் 2024 நவம்பர் வரைக்கும் இருந்துச்சு. சுண்டெலிக்கு ரெண்டு வருஷம்ங்கறது நல்ல ஆயுசு. கடைசியில பின்னங்கால் வராது, நான் ஓட்ஸை ஊற வெச்சுக் கிட்டக் கொண்டு போய் வெப்பேன். செத்தப்போ அதைக் கெவினுக்கும் குடுக்கலை, ஆந்தைக்கும் குடுக்கலை. பின்னாடி மேப்பிள் மரத்தடியில மண் உறையறதுக்கு முன்னாடி புதைச்சேன். அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "கேரட்டு நல்லா திங்கும்டா அது"ன்னு மட்டும் சொன்னாங்க.

சரி, இப்போ திட்டறவங்க திட்டலாம்.

டிஸ்கி 1: பாம்பு வளர்க்க ஆசைப்படற ஊர்க்கார அன்பர்கள் கவனத்துக்கு, நம்ம ஊர்ப் பாம்பைப் பிடிச்சு வீட்டுல வெச்சா 1972 வனஉயிர்ச் சட்டம் பாயும். வேணாம் ராசா.

டிஸ்கி 2: கெவின் நலம். நேத்து தோல் உரிச்சாரு.