இலை பறித்தால் துளிர்க்கும், வேர் பறித்தால்?

பாலாற்றின் தென்கரையில், பழையசீவரத்துக்கு எதிரே இருக்கிறது திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம். பொங்கலை ஒட்டிய பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் இந்தப் பக்கம் எழுந்தருளும்போது ஊர் கொள்ளாத கூட்டம் சேரும். மற்ற நாட்களில் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் அமைதியாக இருக்கிறது. இங்கே முதல் பிராகாரத்தின் கிழக்குச் சுவரில் உள்ள வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். 1060-களின் பிற்பகுதியைச் சேர்ந்தது அது. கோயிலோடு சேர்ந்து ஒரு பள்ளியும், மாணவர் விடுதியும், வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையும், அதாவது மருத்துவமனையும், நடந்ததை அது சொல்கிறது. மருத்துவ வரலாறு எழுதுகிறவர்களுக்கு அது ஒரு மருத்துவமனையின் கணக்கு. வீட்டுத் தோட்டத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கக்கூடிய செடிகளாக எதை வைப்பது என்று யோசிக்கிறவர்கள் அதே கல்வெட்டைத் தோட்டக் கணக்காகவும் படிக்கலாம் என்பது என் எண்ணம்.

அந்த ஆதுலசாலையில் யார் யார் வேலை பார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். மருத்துவர் ஒருவர், கோதண்டராமன் அசுவத்தாமன் என்று பெயரே இருக்கிறது. அறுவை செய்ய ஒருவர். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவர். நாவிதர் ஒருவர். இவர்களோடு, மூலிகை பறித்து வரவும் விறகு கொண்டு வரவும் மருந்து அடவும் இரண்டு ஆட்கள். பதினைந்து படுக்கைக்கு மூலிகையும் விறகும் கொண்டு வர இரண்டு ஆள் இருந்திருக்கிறார்கள் என்றால், பக்கத்துத் தோட்டத்தில் கைநீட்டிப் பறித்து எல்லாவற்றையும் முடித்துவிட முடியவில்லை என்றுதான் பொருள். எதை வீட்டில் வளர்ப்பது, எதற்கு வெளியே ஆள் அனுப்புவது என்ற பாகுபாடு அப்போதே இருந்திருக்க வேண்டும். இன்றைய தோட்டக்காரர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்தப் பாகுபாட்டைத்தான்.

சாலையில் இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் கல்லில் இருக்கிறது. இருபது பெயர் அளவுக்கு வரும். வாசா ஹரீதகி, கோமூத்ர ஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி என்று கடுக்காயை வைத்தே நான்கு மருந்துகள். பில்வாதி கிருதம் என்பது வில்வம் சேர்ந்த நெய். எண்ணெய்களில் ஒன்று குறுந்தோட்டியும் ஆமணக்கும் சேர்ந்தது, இன்னொன்று பூண்டும் ஆமணக்கும். பூண்டு, நெருஞ்சில் போன்ற சிலவற்றைத் தள்ளிவிட்டால் மீதியில் பெரும்பாலானவை ஆண்டுக்கணக்கில் உயிரோடு நிற்கும் மரமும் புதரும்தான். அதனால் எல்லாவற்றையும் கொல்லையில் நட்டுவிடலாம் என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. வாசா என்கிற ஆடாதோடையில் நாம் எடுப்பது முக்கியமாக இலை. கடுக்காயில் காய். தசமூலத்தில் வேர்: வில்வம், பாதிரி, குமிழ் போன்ற மரங்களின் வேரும், கண்டங்கத்திரி, நெருஞ்சில் போன்றவற்றின் வேரும். குறுந்தோட்டியை வேரோடு பிடுங்கித்தான் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். பிடுங்கிய பிறகு அது பல ஆண்டு வாழும் வகையா, ஓராண்டு வகையா என்ற கேள்விக்கே இடமில்லை.

செடி எத்தனை ஆண்டு வாழும் என்பது அதன் இயல்பை மட்டும் பொறுத்ததில்லை, அதன் எந்த உறுப்பை நாம் எடுக்கிறோம் என்பதையும் பொறுத்தது. தாவரவியல் புத்தகம் சொல்லும் ஆயுள் ஒன்று. வீட்டுக் கொல்லையில் கிடைக்கும் ஆயுள் வேறு. இலைக்காகவும் பூவுக்காகவும் காய்க்காகவும் வளர்ப்பது நிற்கும். பறிப்பதே அதற்குக் கவாத்து. வேருக்காக வளர்ப்பது, முதல் தேவை வந்த அன்றே முடிந்துவிடும். பட்டை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: மருத மரத்தில் ஒரு பக்கம் மட்டும் மேலாகச் செதுக்கி எடுத்தால் காயம் ஆறி மரம் தேறும், சுற்றிவர உரித்தால் பட்டுப்போகும். வீட்டுத் தோட்டத்துக்குச் செடி தேர்ந்தெடுக்கும்போது நிறம், உயரம், வெயில், நிழல் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதில் நான் எதைப் பறிக்கப் போகிறேன் என்பதுதான்.

இப்படிப் பார்த்தால் திருமுக்கூடல் பக்கத்து வீடுகளுக்கு முதலில் வருவது ஆடாதோடை. ஆடு மேயாது, அதனால் வேலிக்கு உகந்தது. முற்றியும் முற்றாமலும் இருக்கும் தண்டில், பென்சில் கனத்தில், மூன்று நான்கு கணு வரும்படி ஒரு சாண் துண்டாக வெட்ட வேண்டும். அடிப்பக்கம் சாய்வாகவும் மேல்பக்கம் நேராகவும் வெட்டுவது நாற்றங்கால்காரர்களின் பழக்கம். எது தலை, எது கால் என்று நடும்போது குழப்பம் வராது. அடியில் வேர் விட இடமும் கூடும். இரண்டு கணு மண்ணுக்குள் போக வேண்டும். கீழ் இலைகளை உருவிவிட்டு மேலே இரண்டு இலையைப் பாதியாக நறுக்கி விடுவார்கள், நீர் ஆவியாகிப் போவது குறையட்டும் என்று. ஆடி மழையில் ஊன்றியது ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான் என்பதால் இந்த மூன்று மாத முன்தயாரிப்பு முக்கியம். நொச்சியும் இதே வழிதான். ஆற்றங்கரை மணலில் தானாகவே வருகிற செடி அது. ஆவி பிடிக்கவும், மாலையில் கொசுவுக்குப் புகை போடவும் இலை வேண்டியிருக்கும். எவ்வளவு ஒடிக்கிறோமோ அவ்வளவு புதராகத் துளிர்க்கும்.

சீந்திலைத் தனியாகச் சொல்ல வேண்டும். கொடியை அடியில் வெட்டிவிட்டாலும் வேப்ப மரத்தில் தொங்கும் பகுதி சாகாது. தொங்கும் தண்டிலிருந்து நூல் போல ஒரு விழுது இறங்கும். காற்றில் ஆடிக்கொண்டே நாளடைவில் தரையைத் தொட்டு, மண்ணுக்குள் போய், மறுபடியும் கொடியாகிவிடும். மருந்துக்கு எடுப்பது தண்டு. தண்டை எடுத்தாலும் செடி நிற்கும் என்பதால் என் கணக்கில் இதுவும் கொல்லைக்கு உரியது. வில்வம் பொறுமை கேட்கும். பழுத்த காயிலிருந்து எடுத்த விதையை உலரவிட்டு மாதக்கணக்கில் வைத்திருந்தால் முளைப்பு விழுந்துவிடும், எடுத்த கையோடு போட வேண்டும். விதைக் கன்று காய்ப்புக்கு வர ஏழெட்டு ஆண்டு ஆகலாம். ஆனால் இலைக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம். தூதுவளை, முசுமுசுக்கை, கற்பூரவல்லி, பிரண்டை, கறிவேப்பிலை எல்லாம் தெரிந்தவைதான். பிரண்டைக்கும் கற்றாழைக்கும் மண்ணை மேடாக்கி வைக்க வேண்டும், ஐப்பசியில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும் என்பதைத் தவிர அவற்றைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை.

கடுக்காய்க்கு வருகிறேன். கல்வெட்டில் அதிகம் வரும் சரக்கு இதுதான், ஆனால் இது மலை மரம். ஜவ்வாது மலையில் கடுக்காய் பொறுக்குவது மலைவாழ் மக்களுக்கு இன்றும் ஒரு வருமானம். திருமுக்கூடலில் பாலாற்றோடு சேரும் செய்யாறு புறப்படுவதும் அதே ஜவ்வாது மலையில்தான். சோழர் காலத்துச் சாலைக்குக் கடுக்காய் எந்த வழியில் வந்தது என்று கல்வெட்டு சொல்லவில்லை. நான் ஊகிக்கவும் போவதில்லை. ஆனால் சமவெளி ஊர் ஒன்று தன் முக்கியச் சரக்குக்கு மலையை நம்பியிருந்தது என்பது வெளிப்படை. இதே காய் தோல் பதனிடவும், துணியில் சாயம் பிடிக்கவும் பயன்பட்டது. பட்டும் தோலும் பேர்பெற்ற பாலாற்றங்கரைக்கு அதனோடு மருந்தைத் தாண்டிய உறவும் உண்டு. மனை அளவு ஐந்நூறு, ஆயிரம் சதுர அடி என்று பேசுகிற வீட்டில் இதை நட நினைப்பது வீண். காட்டில் இருக்கட்டும், காய் மட்டும் வரட்டும்.

2020-இல் கொரோனாவின்போது அரசு வீடு வீடாகக் கொடுத்த கபசுரக் குடிநீர் இந்தப் பாகுபாட்டைச் சோதிக்க நல்ல சாட்சி. அதில் சரக்கு 15. ஆடாதோடை இலை, கற்பூரவல்லி, சீந்தில் மூன்றையும் கொல்லையிலிருந்து எடுத்துவிடலாம். கடுக்காய், திப்பிலி, இலவங்கம், சுக்கு கடைச் சரக்கு. மீதியில் சிறுதேக்கு, முள்ளி, சிறுகாஞ்சொறி, வட்டத்திருப்பி என்று வேர்கள் வரிசையாக வருகின்றன. அந்த மாதங்களில் பொடி தட்டுப்பாடு என்று பேச்சு எழுந்தபோது எல்லோரும் தொட்டியில் நிலவேம்பு நட்டார்கள். அது ஓராண்டுச் செடி. அந்த ஆர்வத்தில் பாதியை வேலியோர ஆடாதோடைக்குக் கொடுத்திருந்தால் இன்றைக்கும் இருமலுக்கு இலை இருந்திருக்கும்.

கடையில் கிடைப்பதைத்தானே வாங்க முடியும் என்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. நாற்றுப் பண்ணை ஒரு வியாபாரம். சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் விற்பதைத்தான் அது வைக்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.1 முருங்கை விதைத்து ஆறு மாதத்தில் காய்க்கிறது. விவசாயிக்கு அது வரம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் போத்து நட்டு வளரும் பழைய மர முருங்கை கொல்லைகளிலிருந்து மெல்ல மறைந்ததற்கு அந்த வேகமும் ஒரு காரணம். வீட்டுக்கு வேண்டியது தொடர்ந்து கீரை ஒடிக்க ஒரு மரம், மூன்று பருவத்தில் ஓய்ந்துபோகும் காய்ச்செடி இல்லை. இன்னொரு பக்கம் கோனோகார்பஸ். பச்சைச் சுவர் போல நிற்கும், வெட்ட வெட்ட வளரும் என்று சொல்லி வீட்டு முகப்புக்கும் சாலையோரத்துக்கும் விற்றார்கள். குஜராத் 2023-இல் அதைத் தடை செய்தது, தமிழ்நாடு 2025-இல். அதுவும் பல்லாண்டு நிற்கும் செடிதான்; பாலாற்றுப் படுகையில் காடாய்க் கிடக்கும் சீமைக் கருவேலமும் அப்படியே. நீண்ட ஆயுள் மட்டும் ஒரு செடிக்குத் தகுதி ஆகிவிடாது. பண்ணையில் பதியன் போடுகிற, ஒட்டுக் கட்டுகிற கைகளுக்கு நொச்சிப் போத்து வேர் பிடிக்க வைப்பது ஒரு பொருட்டே இல்லை. கேட்டு வாங்க ஆள் இருந்தால் வைப்பார்கள்.

பாதுகாப்பைப் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. வீட்டில் மூலிகை வைத்தால் ஆளாளுக்கு வைத்தியர் ஆகிவிடுவார்கள். சீந்தில் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி 2021-இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த வாதத்தில் யார் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. ஆமணக்கு விதையும் அரளியும் நஞ்சு, சேராங்கொட்டை தோலைப் புண்ணாக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கல்வெட்டிலேயே பல்லாதக ஹரீதகி இருக்கிறது. பல்லாதகம் என்பது சேராங்கொட்டைதான். ஆனால் அதைக் கொடுக்க அங்கே ஊதியம் பெறும் மருத்துவர் இருந்தார். செடி வளர்ப்பது வேறு, அளவு சொல்வது வேறு. குழந்தைகள் உள்ள வீட்டில் ஆமணக்கு வேண்டாம் என்பேன். வாசலில் அழகுக்கு நிற்கும் மஞ்சள் அரளியைப் பற்றியும் அதே எச்சரிக்கையோடு பேசுகிறவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. திருமுக்கூடல் பக்கத்துக்கு இன்னொரு எச்சரிக்கை கூடுதல்: சுற்றிலும் கல் உடைக்கும் ஆலைகள். லாரி போகும் சாலையோர வேலியில் பறித்த இலையில் கல்தூள் படிந்திருக்கும். மருந்துக்கு வைக்கும் செடியைப் பின்கொல்லையில் வைப்பதே புத்தி.

வேர் வேண்டுமென்றால் என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சுகிறது. நன்னாரி போன்றவற்றில் வேரை முழுக்கத் தோண்டாமல் பக்க வேரை மட்டும் அறுத்து, ஒரு பகுதியை மண்ணில் விட்டு மூடினால் மறுபடியும் தழைக்கும். விதை உதிர்ந்த பிறகு எடுத்தால் அடுத்த தலைமுறையும் இருக்கும். இது பறிக்கிறவர்களுக்குத் தெரியாத வித்தை இல்லை. ஆனால் இன்று வேர்ச் சரக்குக்கு விலை எடைக்கு. பாதி வேரை மண்ணில் விட்டு வருகிறவருக்குக் கூலியும் பாதி. அருகிலேயே இன்னொருவர் மீதியைத் தோண்டி எடுத்துப் போய்விடுவார் என்ற பயமும் உண்டு. ஆதுலசாலையின் இரண்டு ஆட்களுக்கு ஊதியம் ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு காசு என்று வரையறுக்கப்பட்டிருந்தது. எத்தனை கட்டு வேர் கொண்டு வந்தார்கள் என்பதை வைத்து அல்ல. அடுத்த ஆண்டும் அவர்களேதான் அதே இடத்துக்குப் போய்ப் பறித்தாக வேண்டும். மூலிகைச் சேகரிப்பைச் சீர்திருத்தப் பேசுகிறவர்கள் சாகுபடிப் பரப்பு, மானியம், பயிற்சி முகாம் எல்லாம் பேசுகிறார்கள். கூலியை எடையிலிருந்து பிரித்து ஆண்டுச் சம்பளமாக்குவதைப் பற்றி யாராவது பேசினால், அதற்கு முன்னுதாரணம் இந்தக் கோயில் சுவரில் இருக்கிறது.