மூச்சை எண்ணியவள்

மதுரையில் பெரியாஸ்பத்திரி என்றால் கோரிப்பாளையத்தில், பனகல் சாலையில் இருப்பதுதான். அரசு ஏடுகளில் அது ராஜாஜி மருத்துவமனை. பழைய ஆட்களுக்கு எர்ஸ்கின் ஆஸ்பத்திரி. எந்தப் பெயரைக் கேட்டாலும் எனக்கு அம்மாதான் முன்னால் வருவாள். ஸ்பிரிட் வாடை, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, விநாடி முள் வைத்த ஹெச்.எம்.டி. கைக்கடிகாரம்.

இன்றைக்கு உறையைக் கிழித்து ஊசியை எடுக்கிறார்கள், போட்டதும் எறிந்துவிடுகிறார்கள். அம்மா வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் கண்ணாடி சிரிஞ்சு. கழுவிக் கொதிக்கவைத்து, இடுக்கியால் எடுத்துப் பொருத்த வேண்டும். துவாரம் அடைத்தால் மெல்லிய கம்பியை விட்டு எடுப்பார்கள். முனை மழுங்கினால் கல்லில் தீட்டுவார்கள். பெனிசிலின் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று எழுதியிருந்தால் நடு இரவிலும் போட்டாக வேண்டும். தூங்குகிறவரை எழுப்பிய கையோடு குத்துவது அம்மாவுக்குப் பிடிக்காது. தோளைத் தொட்டு, "ஐயா, ஊசி நேரமாச்சு, இந்தப் பக்கம் திரும்பிக்கங்க" என்று சொல்லி, கண் விழிக்கும்வரை நிற்பாளாம். கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் கூட்டத்துக்கு நடுவே, ஒற்றை நர்சாக.

ரணஜன்னி வார்டைப் பற்றி மட்டும் அவள் அதிகம் பேசியதில்லை. வெளிச்சமும் சத்தமும் பட்டால் உடம்பு வில்லாக வளைந்து இழுக்கும் என்பதால் அந்த அறை இருட்டாகவே இருக்கும். சுத்தமில்லாத அரிவாளாலோ பிளேடாலோ தொப்புள்கொடி அறுக்கப்பட்டு, பிறந்த சில நாளிலேயே பால் குடிக்க வாய் திறக்காமல் வந்து சேரும் பச்சைக் குழந்தைகளைப் பார்த்தவள் அவள். அங்கே டூட்டி முடித்து வந்தால் வீட்டிலும் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றுவாள். கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் பரவப் பரவ அந்தக் குழந்தைகள் வருவது நின்றுபோனது. இந்தியாவில் பச்சிளம் குழந்தைகளின் ரணஜன்னி ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே போய்விட்டது என்று 2015இல் உறுதியானபோது அந்தச் செய்தியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. அவருக்கும் ஷிப்ட், அம்மாவுக்கும் ஷிப்ட். ஒருவர் வர ஒருவர் போக, பாதிக் குடும்பப் பேச்சு வாசலில்தான் நடக்கும். "சின்னவனுக்கு லேசா காயுதுங்க, அப்பப்பத் தொட்டுப் பாருங்க." "நான் பாத்துக்கிறேன், நீ பதனமாப் போ." நைட் டூட்டி நாட்களில் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் விட்டுவருவார். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது அப்பாவின் தோளில் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறோம். அம்மா அந்நேரம் கூப்பிடு தூரத்தில், கூட்டத்தில் மயங்கி விழுந்து வந்தவர்களுக்குக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருப்பாள். ஊரே பார்த்த அழகரை அவள் பார்த்த வருஷங்கள் கொஞ்சம்தான்.

வார விடுமுறை முடிந்து மில்லுக்குப் போகிற முதல் நாள் மட்டும் அப்பாவுக்கு நெஞ்சை அடைக்கும். அடுத்தடுத்த நாட்களில் தேறிவிடும். இதை முதலில் கவனித்தவள் அம்மா. பஞ்சுத் தூசி நுரையீரலைத் தின்னத் தொடங்கியதற்கு அதுதான் ஆரம்ப அடையாளம். தூசி குறைந்த பகுதிக்கு மாற்றல் கேட்கச் சொல்லி விடாமல் மன்றாடினாள். மாற்றல் கிடைத்தது, ஆனால் போன மூச்சு திரும்பவில்லை. கடைசிக் காலத்தில் அப்பா படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார். தலையணைகளை எப்படி அடுக்கினால், எவ்வளவு சாய்த்தால் அவருக்குக் கண் சொருகும் என்பது அவளுக்குத்தான் தெரியும். அரசாங்கம் ஓய்வு கொடுத்த பிறகும் அவளுடைய நைட் டூட்டி ஓயவில்லை.

மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். ஆகவே நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தபடியே, நெஞ்சு ஏறி இறங்குவதை அவருக்குத் தெரியாமல் எண்ண வேண்டும். நர்சிங் படிப்பின் ஆரம்பப் பாடங்களில் ஒன்று இது. சின்ன வயதில் நான் காய்ச்சலில் கிடந்தால் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பாள். எனக்கு அது ஆசையாகப் பிடித்த கை. பல வருஷம் கழித்து, ஒரு வயது நிரம்பாத என் மகளுக்குச் சளி முற்றியபோது, பேத்தியின் பிஞ்சுக் கையைப் பிடித்தபடி அம்மாவின் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். கண் கடிகாரத்துக்கும் குழந்தையின் நெஞ்சுக்குமாகப் போய்வந்தது. "நிமிஷத்துக்கு அம்பதைத் தாண்டுது. சட்டையை மாட்டுடா, கிளம்பு" என்றாள். நிமோனியாதான். பிள்ளை பிழைத்தாள். என் கையைப் பிடித்திருந்த அத்தனை இரவும் அவள் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஆசையும் எண்ணிக்கையும் அவளிடம் இரண்டாக இருந்ததே இல்லை.

இப்போது எனக்குக் காய்ச்சல் வந்தால் விரலில் ஒரு சின்னக் கருவியை மாட்டிப் பார்க்கிறார்கள். அது சரியாகத்தான் காட்டுகிறது. எனக்கு அந்தக் கை வேண்டியிருக்கிறது. ஸ்பிரிட் வாடை போகாத, கொதிநீர் பட்டுப் பட்டுத் தோல் தடித்த கை.

குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள் டாக்டரைத் தேடிப் போய்க் கும்பிடுவார்கள். நர்சிடம் "வர்றோம் சிஸ்டர்" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. எனக்கு நிறைய உண்டு. யார் எந்த இரவில் விழித்திருந்து யாரைக் காப்பாற்றினார்கள் என்பதற்கு எந்த வார்டிலும் கல்வெட்டு கிடையாது. உங்கள் குடும்பத்தில், தெருவில், ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் இருந்தால் போய் உட்கார்ந்து அந்த இரவுகளைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதி, வார்டு விவரத்தோடு எழுதி வையுங்கள்.