பீப்பாய், தொட்டி, டாங்கி

சென்ற வாரம் நான் பகிர்ந்த ஒளிப்படத்தைக் கண்டு நண்பர்கள் சிலர் வினவினர்: மொழியியல் பயின்று முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவனுக்குப் போர் டாங்கியோடு என்ன உறவு? அந்த மேசைமேல் இருப்பது பொம்மையா, கலையா? ஒரு வரியில் விடை சொல்ல இயலாமையால் இந்த நீண்ட பதிவு.

படத்தில் இருப்பது பி.டி. 76 எனும் சோவியத் நாட்டு இலகுரக டாங்கியின் மாதிரி. 35இல் 1 பங்கு அளவு. அதைச் சுற்றி அறுவடை முடிந்த நெல்வயல், இரண்டு ஈச்சமரங்கள், சேற்றில் பதிந்த சங்கிலித் தடங்கள். இத்தகைய காட்சியமைப்பை 'டயோரமா' என்பர். 1822இல் பாரிசில் லூயி டாகெர் தம் கூட்டாளியுடன் திறந்த ஒளிக்காட்சி அரங்குக்கு வைத்த பெயர் அது. 'ஊடாகக் காணல்' என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொற்களால் ஆனது. இன்று அது பெட்டிக்குள்ளும் பலகைமேலும் அடங்கும் சிறு உலகங்களுக்கு உரிய பெயராகிவிட்டது.

எனக்கு இந்த ஆசையை ஊட்டியது 2023 நவம்பரில் வெளிவந்த 'பிப்பா' என்னும் இந்தித் திரைப்படம். ராஜா கிருஷ்ண மேனன் இயக்கம், ஏ.ஆர். ரகுமான் இசை. பிரிகேடியர் பல்ராம் சிங் மேத்தா எழுதிய 'தி பர்னிங் சாஃபீஸ்' என்னும் நூலே அதன் அடிப்படை. 1971 டிசம்பர் 3ஆம் நாள் இந்திய – பாகிஸ்தான் போர் முறையாகத் தொடங்குவதற்கு முன்பே, நவம்பர் 21ஆம் நாள் காலையில், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கரீப்பூரில் ஒரு டாங்கிப் போர் நிகழ்ந்தது. 14ஆம் பஞ்சாப் காலாட்படையுடன் 45ஆம் கவல்ரியின் ஒரு ஸ்குவாட்ரன், 14 பி.டி. 76 டாங்கிகளோடு எதிர்நின்றது. மறுபுறம் அமெரிக்கத் தயாரிப்பான எம். 24 சாஃபி டாங்கிகள். அடர்ந்த மூடுபனி. ஸ்குவாட்ரன் தலைவர் மேஜர் தல்ஜித் சிங் நாரக் களத்தில் வீழ்ந்தார். அவருக்கு மறைவுக்குப்பின் மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. அவருக்கு அடுத்த நிலையில் இருந்த கேப்டன் மேத்தா தலைமையை ஏற்றார்.

படத்தின் தலைப்புதான் என்னை முதலில் பிடித்திழுத்தது. நீரில் மிதக்கும் டாங்கி என்பதால் வீரர்கள் அதற்கு 'பிப்பா' என்று பெயரிட்டனராம். பஞ்சாபியில் வெற்று நெய் டின்னைக் குறிக்கும் சொல். இந்தியில் 'பீபா'. தமிழில் நாம் அன்றாடம் சொல்லும் 'பீப்பாய்'. இவை அனைத்திற்கும் மூலமாகக் காட்டப்படுவது போர்த்துகீசிய மொழியின் 'பிப்பா' என்னும் மரப்பீப்பாய். கப்பலில் வந்த ஒரு சொல் கொங்கணக் கரையிலும் நம் கரையிலும் இறங்கி, வடக்கே பஞ்சாப் வரை நடந்து, இறுதியில் ஒரு ரஷ்ய இரும்பு வண்டியின் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

'டாங்கி' என்னும் சொல்லின் கதை இதனினும் வியப்பானது. 1915இல் ஆங்கிலேயர் இந்தப் படைக்கலத்தை மறைவாக உருவாக்கியபோது, உளவறிவோரைத் திசைதிருப்ப அதனை நீர்த்தொட்டி என்று சொல்லி வைத்தனர். 1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் அது முதன்முதலாக வெளிப்பட்டபோது புனைபெயரே நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தின் 'டாங்க்' என்னும் அச்சொல்லுக்கோ, போர்த்துகீசிய 'டாங்கெ' ஒருபுறமும், குஜராத்தி, மராத்தி மொழிகளில் நீர்த்தொட்டியைக் குறிக்கும் சொற்கள் மறுபுறமும் மூலமாகக் காட்டப்படுகின்றன. புணேயிலிருந்து சிங்ககட் கோட்டைக்கு ஏறியவர்கள் பாறையில் குடைந்த குளிர்ந்த நீர்நிலையைக் கண்டிருப்பர். அதை இவ்வூரார் 'தேவ டாகே' என்கின்றனர். இலங்கைத் தமிழ் இதழ்கள் 'யுத்தத் தாங்கி' என்று எழுதுகின்றன. நீர்த்தொட்டியும் அவர்களுக்குத் 'தாங்கி'யே. ஆக, பெயரளவில் என் மேசைமேல் இருப்பது பீப்பாய் என்று அழைக்கப்படும் ஒரு தொட்டி. இரண்டும் தண்ணீருக்கு உரியவை. இதை அப்போது ஒரு வேடிக்கையாகவே குறித்து வைத்தேன். பின்னர்தான் அது வேடிக்கையாக இல்லாமற் போயிற்று.

இனி, கணக்கு. உண்மையான பி.டி. 76 பீரங்கிக் குழலோடு சேர்த்து ஏறத்தாழ 7.6 மீட்டர் நீளம். மாதிரியில் 22 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 14 டன் எடையுள்ள வண்டி, உள்ளங்கையில் ஏந்தத்தக்கதாகிறது. 5 அடி 9 அங்குல மனிதன் 5 சென்டிமீட்டர். 35 என்னும் இந்த விந்தையான எண் எந்த அளவீட்டு முறையிலிருந்தும் வந்ததன்று. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டமியா நிறுவனம் பாந்தர் டாங்கியின் மாதிரியைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பாட்டரியும் அடங்க வேண்டியிருந்தது. அவை அடங்கும் அளவாக வாய்த்ததே 35இல் 1. இன்று உலகெங்கும் டாங்கி மாதிரிகளின் பொது அளவு அதுவே.

இந்தக் கணக்கில் ஒரு செய்தி என்னை நெடுநேரம் உறங்கவிடவில்லை. நீரில் மிதக்க வேண்டுமானால் வண்டி இலகுவாக இருக்க வேண்டும், ஆதலால் பி.டி. 76இன் கவசத் தகடு மிக மெல்லியது. பெரும்பாலான இடங்களில் 20 மில்லிமீட்டரைத் தாண்டாது. அதை 35ஆல் வகுத்தால் அரை மில்லிமீட்டரைச் சற்றே கடக்கும். நான் ஒட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் சுவரோ 1 மில்லிமீட்டருக்கும் மேல். அதாவது, அளவு விகிதப்படி பார்த்தால், என் மேசைமேல் இருக்கும் பொம்மைக்குள் அமர்ந்தவன் கரீப்பூரில் உண்மை டாங்கிக்குள் அமர்ந்தவனைவிடப் பாதுகாப்பாக இருக்கிறான்.

இதுவே இப்பொழுதுபோக்கின் இடர்ப்பாடு என்று நான் கருதுகிறேன். சிறிதாக்கப்பட்ட எதுவும் அழகாகிவிடுகிறது. யானையாயினும் கோட்டையாயினும் டாங்கியாயினும், கைக்குள் அடங்கிய கணத்தில் அதன்மீது நமக்கு அன்பு பிறந்துவிடுகிறது. அச்சம் மட்டும் சிறு அளவில் வார்க்கப்படுவதில்லை. அகில்யாநகரில், அதாவது பழைய அகமத்நகரில், இராணுவத்தின் டாங்கி அருங்காட்சியகம் உள்ளது. ஆவடியில் உருவான விஜயந்தாவும் அங்கே நிற்கிறது. போரில் கைப்பற்றிய பாட்டனும் நிற்கிறது. அந்தப் பாட்டனின் அருகே நின்றபோது எனக்கு எழுந்த முதல் உணர்வு அழகன்று. அதன் சக்கரங்களிலிருந்து ஓரடி பின்வாங்கத் தோன்றியதே.

மாதிரி செய்வோர் இதற்குச் சில உத்திகளை அறிவர். அரை மீட்டருக்குச் சற்று அப்பாலிருந்து இம்மாதிரியைப் பார்ப்பது, உண்மை டாங்கியை 20 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்கு ஒப்பு. இடையே உள்ள காற்று நிறத்தை மங்கச் செய்யும். ஆகவே வண்ணத்தைச் சற்று வெளிறடித்தே பூச வேண்டும். மூடுபனிக் காலையாயின் இன்னும் மங்கல். பஞ்சை ஒட்டிப் பனி காட்ட முயன்றால் அது பஞ்சாகவே தெரியும். பனியைக் காட்டுவதற்கு ஒரே வழி, நிறங்களுக்கிடையேயான வேறுபாட்டைக் குறைப்பதுதான். உலர்ந்த தேயிலைத் தூள் மண்ணாயிற்று. சணல்கயிற்று நார் நெல்தாளாயிற்று.

இவ்வூரில் இது அந்நியமான கலையும் அன்று. தீபாவளி நெருங்கினால் சிஞ்ச்வட்டின் குடியிருப்பு வளாகங்களில் பிள்ளைகள் மண்ணும் கல்லும் சாக்கும் கொண்டு 'கில்லா' கட்டத் தொடங்குவர். ராய்கட், பிரதாப்கட், சிங்ககட் என்று வாசலுக்கொரு கோட்டை. உச்சியில் அரியணையில் சிவாஜி மன்னர். படிகளில் மண்பொம்மை மாவளா வீரர்கள். சரிவில் கடுகு தூவி முளைக்கவைத்த பசுமை. நம் வீடுகளில் கொலுப்படிக்குக் கீழே பூங்கா அமைத்துக் கடுகும் கேழ்வரகும் முளைக்கவிட்ட அதே கைகளின் வேலை.

எங்கள் வளாகத்தின் கீழ்த்தளத்தில் குடியாத்தம் பக்கத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் மகன் குடும்பத்தோடு வாழ்கிறார். படைப்பணி முடிந்தபின் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் வேலைபார்த்து இங்கேயே தங்கியவர். அவர் பேத்தி தன் கில்லாவுக்குப் புல் ஒட்டும் முறை கேட்டு என் அறைக்கு வந்தாள். மேசையைப் பார்த்தவள் கீழே போய்ச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் மாலை அவரே படியேறி வந்தார். கண்ணாடியைத் துடைத்து அணிந்து, நெடுநேரம் பார்த்தார்.

"பி.டி.யா? தம்பி, டிரைவர் எங்கப்பா?"

மூடியைச் சாத்தி ஒட்டத் திட்டமிட்டிருப்பதாகவும், போர்வேளையில் ஓட்டுநர் வெளியே தெரியமாட்டார் அல்லவா என்றும் சொன்னேன். "தெரியமாட்டான். சினிமாவுலயும் தெரியமாட்டான்" என்றார். அவர் 1971இல் கிழக்கு முனையில் அதே வகை டாங்கியின் ஓட்டுநராக இருந்தவர். கரீப்பூரில் அல்ல, வேறொரு படைப்பிரிவில்.

அதன்பின் மாலைகளில் வந்து அமர்வது வழக்கமாயிற்று. அந்த டாங்கியில் மூவர்: தலைவர், குண்டு நிரப்புபவர், ஓட்டுநர். தலைவரே பீரங்கியையும் இயக்க வேண்டும். ஓட்டுநர் முன்பகுதியின் நடுவில் தனித்து அமர்ந்திருப்பார். "மூணு கண்ணாடித் துண்டு, தம்பி. உலகமே அவ்வளவுதான். மேலேயிருந்து குரல் வரும். அது சொன்ன பக்கம் திருப்பணும்." அவர் பேச்சை நான் ஆய்வாளனின் செவியோடும் கேட்டேன் என்பதை மறைக்கவில்லை. கட்டளைகள் அனைத்தும் இந்துஸ்தானியில் வந்தன: ஆகே, ருக், தாயேன், பாயேன். வண்டியின் உறுப்புகள் ஆங்கிலத்தில் வந்தன. தாகம், பயம், அம்மா ஆகிய மூன்றும் மட்டும் தமிழில் வந்தன. ஐம்பதாண்டுகளுக்கும் மேலாகியும் இம்மூன்று மொழிகளும் தத்தம் அறைகளிலேயே இருந்தன. ஒன்று மற்றொன்றின் அறைக்குள் நுழையவில்லை.

மேசையின் மறுமுனையில் ஒரு சாஃபி இருந்தது. கறுப்புச் சாயமேற்றிய பஞ்சுக்குள் சிறு மின்விளக்கை வைத்து அதை எரியவைத்திருந்தேன். படத்தில் மிகவும் ஈர்த்த காட்சி அது. "அதுல எத்தனை பேரு?" என்று கேட்டார். "ஐந்து" என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

மாதிரி செய்வோனுக்கு இங்கே ஓர் அதிகாரம் இருக்கிறது; அது அச்சுறுத்துவது. மூடிகளைத் திறந்து ஒட்டினால் அவர்கள் தப்பிவிட்டனர். மூடி ஒட்டினால் இல்லை. ஒரு சொட்டுப் பசையில் ஐவரின் முடிவு. வரலாற்றை எழுதுவோருக்குச் சான்று வேண்டும். எனக்கு வேண்டியது பசை மட்டுமே. அவ்வுரிமை எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. சாஃபியை மெல்லிய வாளால் குறுக்கே அறுத்தேன். பின்பகுதியும் அறுந்த ஒரு சங்கிலியும் மட்டும் பலகையின் ஓரத்தில் நிற்கின்றன. கோபுரமும் மூடிகளும் பலகைக்கு அப்பால் போய்விட்டன. விளக்கை எடுத்துவிட்டேன். புல்லில் கரி மட்டும் இருக்கிறது.

பின்னர் ஒருநாள் அவர் சொன்னார்: "சுட்டு முடிஞ்சதும் முதல்ல என்ன தோணும் தெரியுமா? ஜெயிச்சோம்னு இல்ல. தண்ணி. நாக்கு உள்ள ஒட்டிக்கும்." ஈச்சமரங்களில் கலயம் கட்டியிருந்ததையும், அந்தச் சாறு நம்மூர்ப் பதநீர்போல் இருந்ததையும் சொன்னார். யசோர் வட்டாரம் ஈச்சவெல்லத்திற்குப் பெயர்பெற்றது. அவரை அழைத்துப்போக வந்த மருமகள் கதவருகே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மணமாகி வந்து பதினைந்து ஆண்டுகளில் மாமனார் இதைப் பேசி அவர் கேட்டதில்லையாம். அன்று அவர் அவசரப்படுத்தவில்லை, அவரும் அமர்ந்தார்.

ஆகவே காட்சியை மாற்றினேன். இப்போது அது போரின் உச்சமன்று; போர் ஓய்ந்த ஒரு மணி நேரத்திற்குப் பின். ஓட்டுநரின் மூடி திறந்திருக்கிறது. அவர் முன்சரிவில் அமர்ந்து, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, தகரக் குவளையில் நீர் அருந்துகிறார். அருகே நசுங்கிய ஒரு நெய் டின், அதாவது ஒரு பிப்பா. ஈச்சமரத்தில் கடுகளவே ஆன மண்கலயம். சொல்லாராய்ச்சியில் வேடிக்கையாகக் கண்ட தண்ணீர், இவ்வாறு காட்சிக்குள்ளேயே வந்து சேர்ந்தது. பெரியவர் பார்த்துவிட்டு ஒரு திருத்தம் மட்டும் சொன்னார்: குவளையை இரு கையாலும் பிடிக்க வேண்டும், ஒரு கையில் பிடித்தால் நடுங்கிச் சிந்தும். ஓட்டுநரின் இடக்கையை வெட்டி மாற்றி ஒட்டினேன்.

தொடங்க விரும்பும் நண்பர்களுக்கு: விலையுயர்ந்த கருவி ஏதும் முதலில் வேண்டியதில்லை. ஒரு வெட்டி, ஓர் அரம், நல்ல பசை, மூன்று தூரிகைகள் போதும். நிறங்களை அவசரமின்றி, மெல்லிய பூச்சுகளாகப் பூசுங்கள். நீங்கள் செய்யப்போகும் வண்டிக்குள் ஒருகாலத்தில் அமர்ந்தவர் எவரேனும் உங்கள் தெருவில் இருக்கக்கூடும். பசையைத் திறப்பதற்கு முன் அவரைத் தேடிப் பாருங்கள். மீதமிருந்த டாங்கி வீரன் பொம்மை ஒன்றைப் பேத்தி கேட்டு வாங்கிப் போனாள். இந்தத் தீபாவளிக்கு அவன் அவளுடைய சிங்ககட்டின் வாயிலில், மாவளாக்களுக்கு நடுவே, தேவ டாகேயின் பக்கத்தில் காவல் நிற்கிறான்.